பதினாலாவது ஊசி

வாசல் கதவைப் பூட்டுவதற்கு முன்னால் அவர் மனைவியின் தலையைத் திருப்பிப் பார்த்து எண்ணினார். தலை ஒன்றுதான், எண்ணியது அதில் செருகியிருந்த கொண்டை ஊசிகளை.

"அந்தப் பக்கம் திரும்பு. ம்... பன்னெண்டு, பதிமூணு, பதினாலு. பதினாலுதானே?"

"ஏன், பதினஞ்சு இருந்தா என்னை விட்டுட்டுப் போயிடுவீங்களா?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"பதினாலு. போதுமா? அப்படியே பல்லையும் எண்ணிக்குங்க."

அவர் சட்டைப்பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து, தேதி போட்டு, பதினாலு என்று எழுதிக்கொண்டார். அறுபத்தாறு வயது ஆள். வேலையை விட்டு வந்து எட்டு வருஷம் ஆகிறது. வேலைதான் அவரை விட்டபாடில்லை.

விமானப்படைத் தளத்தில் அவர் கருவி அறைக் காப்பாளராக இருந்தவர். மெக்கானிக்குகள் எல்லோரிடமும் பெயர் பொறித்த பித்தளை டோக்கன்கள் இருக்கும். ஸ்பேனர் வேண்டுமென்றால் டோக்கனைக் கொடுக்க வேண்டும். ஸ்பேனர் தொங்கிய ஆணியில் டோக்கன் தொங்கும். மாலையில் ஒரே ஓர் ஆணியில் டோக்கன் மிச்சமிருந்தாலும் அன்று எந்த விமானமும் அசையாது. முப்பது வருஷம் அந்த ஆணிகளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்ததால் தளத்தில் அவருக்குப் பெயரே டோக்கன்தான். போர் விமானத்தை இவ்வளவு பக்கத்தில் பார்த்தவராயிற்றே என்று அக்கம்பக்கத்தார் ஆசையாகக் கதை கேட்க வருவார்கள். "ஒரு சின்னத் திருகாணி இன்ஜினுக்குள்ள போச்சுன்னா அவ்வளவுதான்" என்பார். கதை முடிந்தது. வந்தவர்கள் காபியைக் குடித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

வீட்டிலும் அதே ஆட்சிதான். கத்தரிக்கோல், சுத்தியல், நகவெட்டி எல்லாவற்றுக்கும் சுவரில் அதனதன் உருவம் கறுப்புப் பெயின்டில் வரைந்திருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை நகவெட்டி காணாமல் போய், அது மகளின் பென்சில் டப்பாவில் கிடைக்கும்வரை யாரையும் அவர் வெளியே விடவில்லை. மனைவியின் தம்பி ஊருக்குப் போகவேண்டிய ரயிலே போய்விட்டது. அவரோடு குடித்தனம் நடத்தியதற்கு ஒரு மெடல் தருவதாக இருந்தால், அதை முதலில் அவளுக்குத்தான் தரவேண்டும். அதையும் அவர் எண்ணித்தான் வாங்குவார்.

இன்றைக்குப் புறப்பாடு அந்தத் தளத்துக்குத்தான். அவர் காலத்துப் போர் விமானங்களுக்குப் போன மாதத்தோடு ஓய்வு கொடுத்துவிட்டார்கள். அதில் ஒன்றைத் தளத்தின் முன்வாசலில் மேடை கட்டி நிறுத்தப் போகிறார்கள். அதற்கு முன்னால் பழைய ஊழியர்கள் குடும்பத்தோடு வந்து பக்கத்தில் பார்த்துவிட்டுப் போகலாம் என்று கடிதம் வந்திருந்தது. அவள் வரவே மாட்டேன் என்றாள். தலைவலி என்றாள், முழங்கால் வலி என்றாள். "ஏறி இறங்க வேணாம், கீழ நின்னா போதும்" என்று இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

முழங்காலெல்லாம் சும்மா. அவள் அந்த விமானத்தின் முகத்தில் விழிக்கத்தான் பயந்தாள்.

இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் அவளும் ஒரு போர் விமானத்தைப் பக்கத்தில் பார்த்தாள். வருஷத்துக்கு ஒரு நாள் குடும்பங்களை உள்ளே விடுவார்கள். விமானத்தின் பக்கவாட்டில் ஏணி சாத்தியிருக்கும். ஏணியடியில் ஒரு தட்டு. ஏறுகிறவர்கள் சாவி, பேனா, சில்லறை எல்லாவற்றையும் அதில் போட்டுவிட்டு ஏற வேண்டும். தட்டுக்குக் காவல், வேறு யார், டோக்கன்தான். தன் மனைவியின் முறை வந்தபோது அவர் ஊசிகளையும் எண்ணினார். பதினாலு.

அவள் ஏறினாள். ஏணிக் கம்பி வெயிலில் சுட்டது. விமானி உட்காரும் குழிக்குள் எட்டிப் பார்த்தாள். மண்ணெண்ணெய் வாசனையும் பழைய தோல் வாசனையும் கலந்து அடித்தது. இருக்கையின் ஓரம், யார் யாரோ ஏறி இறங்கித் தேய்ந்து வெளுத்திருந்தது. குட்டிக் குட்டிக் கடிகாரங்கள், நடுவில் ஒரு பிடி. இவ்வளவு சின்ன இடத்தில் உட்கார்ந்துகொண்டா வானத்தைக் கிழித்துக்கொண்டு போகிறார்கள் என்று அவளுக்கு ஒரே பிரமிப்பு. கை தானாக நீண்டு அந்தப் பிடியைத் தொட்டது. சமையலறை, பள்ளிக்கூடச் சீருடை, வாடகை வீடு எல்லாம் மறந்து இரண்டு நிமிஷம் அவள் சந்தோஷமாக இருந்தாள்.

கீழே இறங்கியதும் அவர் எண்ணினார். பதிமூணு.

மறுபடியும் எண்ணினார். கைப்பையைக் கொட்டினார். பிறகு, நாற்பது குடும்பங்கள் வரிசையில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, அவளை நாற்காலியில் உட்காரவைத்துக் கொண்டையை அவிழ்த்து, பேன் பார்ப்பதுபோல் விரலை விட்டுத் துழாவினார். அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. "நான் பதிமூணுதான் வச்சிருந்தேன், விடுங்க" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். பெரிய அதிகாரியே வந்துவிட்டார்.

"உங்க மனைவி பதிமூணுங்கறாங்களே?"

"அவ எண்ணல சார். நான் எண்ணினேன்."

அவ்வளவுதான். மத்தியானம் பறந்து காட்டவேண்டிய விமானத்தைக் கொட்டகைக்குள் தள்ளினார்கள். இருக்கையைக் கழற்றினார்கள், தரைத் தகடுகளைக் கழற்றினார்கள். அன்றிலிருந்து அவள் பெயர் ஊசி அக்கா. கடைவீதியில் கூட யாராவது "அக்கா, ஊசி பத்திரம்" என்பார்கள்.

அன்று இரவு உடை மாற்றும்போது குளியலறைத் தரையில் ணங்கென்று ஏதோ விழுந்தது. குனிந்து பார்த்தாள். பதினாலாவது ஊசி. கழுத்து வழியாக முதுகுக்குள் சரிந்து இடுப்பில் மாட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

அவர் அப்போது கொட்டகையில் தேடிக்கொண்டிருந்தார். நன்றாகத் தேடட்டும், ஒரு ராத்திரி கிடந்து புழுங்கட்டும் என்று நினைத்தாள். மறுநாளும் அவர் வரவில்லை. மூன்றாம் நாள் காலையில் கண் சிவந்து, நகக்கண்ணெல்லாம் கிரீஸோடு வந்தார். "கிடைக்கல. விழுந்திருக்காதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டாங்க" என்றார். கையெழுத்துப் போட்டாயிற்றே, இனிமேல் சொல்லி ஊர் சிரிக்கவா என்று அவள் வாயை மூடிக்கொண்டாள். ஊசி பொத்தான் டப்பாவுக்குள் போனது. முழுப் பூசணிக்காயைத்தான் சோற்றில் மறைக்க முடியாது. ஒரு கொண்டை ஊசியை இருபத்தாறு வருஷம் தாராளமாக மறைக்கலாம்.

அதற்குப் பிறகுதான் அவருக்கு மாடிப் பைத்தியம் பிடித்தது. தளத்திலிருந்து விமானம் கிளம்பும் சத்தம் கேட்டால் போதும், தட்டில் வைத்த கையை உதறிவிட்டு மொட்டை மாடிக்கு ஓடுவார். போனது திரும்பி வந்து இறங்கும்வரை அங்கேயே நிற்பார். அரை மணி, முக்கால் மணி. மகளுக்கு மாமனாராக வரப்போகிறவர் முதல்முதலாக வீட்டுக்கு வந்து பேசிக்கொண்டிருக்கும்போது பாதிப் பேச்சில் எழுந்து போனவர் இவர். ஓய்வு பெற்ற பிறகும் விடவில்லை. "சாப்பாடு ஆறுது, வாங்க!" என்று மாடிப்படிக்கு அடியில் நின்று கத்திக் கத்தி அவள் தொண்டை தேய்ந்தது. கட்டினவளைவிட அந்தத் தகர டப்பாதான் இவருக்கு உசத்தி என்று மகளிடம் சொல்லிச் சொல்லி அழுதிருக்கிறாள்.

கொட்டகைக்குள் நுழைந்ததும் அவளுக்கு ஏமாற்றமாக இருந்தது. இவ்வளவுதானா? நினைவில் பெரிதாக இருந்தது. சக்கரம் தேய்ந்து, வயிற்றில் எண்ணெய் கசிந்த கறையோடு நின்றது. மூக்கு நுனியில் சிவப்பு உறை போட்டிருந்தார்கள். மேடையில் ஏற்றுவதற்காக இருக்கையையும் தரைத் தகடுகளையும் கழற்றி ஓரமாக வைத்திருந்தார்கள். பழைய ஆட்கள் பத்துப் பதினைந்து பேர் கைகொடுத்துக்கொண்டிருந்தார்கள். "வாய்யா டோக்கன்!" என்றார் ஒருவர். அவளைப் பார்த்து, "ஊசி அக்காவும் வந்தாச்சு, விமானத்தை மூடுங்கப்பா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துவைத்தாள்.

அவர் சிரிக்கவில்லை. வால் பகுதிக்குப் போய் எண்ணைப் படித்தார். "அதேதான்" என்று முணுமுணுத்தார். பிறகு பொறுப்பிலிருந்த இளம் பொறியாளரிடம் போனார்.

"ஏம்மா, தகடெல்லாம் கழட்டித்தானே இருக்கு? நான் ஒரு தடவை உள்ள பாத்துக்கவா?"

அந்தப் பெண் தாராளமாகப் பாருங்கள் என்றாள். அவள் நினைத்தது, எட்டிப் பார்ப்பார் என்று. இவரோ பையிலிருந்து டார்ச், கைப்பிடி வைத்த குட்டிக் கண்ணாடி, நூலில் கட்டிய காந்தம் ஒவ்வொன்றாக எடுத்தார். ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதினார். கடிகாரத்தைக் கழற்றினார், பெல்ட்டைக் கழற்றினார், ஷூவைக் கழற்றினார். கடைசியாக, எல்லோர் முன்னிலையிலும், முன்பல் செட்டைக் கழற்றிக் கைக்குட்டையில் வைத்தார். மனைவிக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

அவர் ஏணியில் ஏறித் தலைகீழாகக் குழிக்குள் கவிழ்ந்தார். வெளியே தெரிந்தது இரண்டு கால்கள்தான். ஒரு காலில் காலுறை ஓட்டை.

ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். பழைய ஆட்கள் கேலி பேசி ஓய்ந்து டீ குடிக்கப் போய்விட்டார்கள். அவள் ஏணியடியில் நின்று அடிக்குரலில் கத்தினாள்.

"என்னங்க! மானம் போகுது. இறங்குங்க!"

"இரு."

"இனிமே பறக்கப்போறதே இல்ல. இப்ப அதைத் தேடி என்ன பண்ணப் போறீங்க?"

குழிக்குள்ளிருந்து பல்லில்லாத குரல் வந்தது. "பறக்கிறப்ப தேட விடலையே. அதான் மாடியில நின்னேன்."

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"சம்பந்தம் இல்லாம? இதுக்குள்ள ஒரு ஊசி கிடக்கு. இது மேல போகும்போதெல்லாம் யாரோ ஒரு பையன் அது மேல உக்காந்து போறான். நான் எப்படி உக்காந்து சாப்பிடறது?"

"போனதெல்லாம் இதே விமானமா?" என்று அவள் மெல்லக் கேட்டாள்.

"கீழேருந்து பாத்தா நம்பர் தெரியல. அதனால எல்லாத்துக்கும் நின்னேன்."

"நின்னு என்ன பண்ண முடியும் உங்களால?"

"ஒண்ணும் பண்ண முடியாது. ஆனா விழுந்துதுன்னா எதனால விழுந்துதுன்னு ஓடிப்போய்ச் சொல்ல ஒரு ஆள் வேணும்ல?"

அவள் ஏணியைப் பிடித்துக்கொண்டாள். ஆறிப்போன சாப்பாடு எத்தனை ஆயிரம் வேளை இருக்கும்! மாடிப்படிக்கு அடியில் நின்று அவள் போட்ட கூச்சல்கள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அவள் காதிலேயே வந்து விழுந்தன. தன் மேலேயே அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. அதைவிட அவர் மேல் பொங்கியது. இதைச் சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா இந்த மனுஷன்? அன்றே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் டப்பாவைத் திறந்து கையில் கொடுத்திருப்பாளே!

இப்போது சொல்லலாம்தான். இத்தனை பேர் இருக்கும் இடத்தில் எப்படிச் சொல்வது? அதைவிட, அவர் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? ஊசி கிடைத்தால் போதும், மனுஷன் நிம்மதியாகிவிடுவார். கிடைக்கச் செய்வதா பெரிய காரியம்?

மூச்சு வாங்கிக்கொண்டு அவர் இறங்கியதும், "டார்ச்சைக் கொடுங்க, உங்க கண்ணுக்கு என்ன தெரியும்? நான் பாக்கறேன்" என்றாள். அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். பிறகு தலையைத் திருப்பி எண்ணிவிட்டு ஏறச் சொன்னார்.

முழங்கால் நிஜமாகவே வலித்தது. அதே குழி, அதே வாசனை. இருக்கை இல்லாத இடத்தில் வெறும் எலும்புக்கூடு. முதுகால் மறைத்துக்கொண்டு தலையிலிருந்து ஓர் ஊசியை உருவி, குறுக்குத் தகட்டின் ஓரத்தில் பாதி தெரிகிற மாதிரி நழுவவிட்டாள்.

"என்னங்க! இங்க ஏதோ மின்னுதுங்க!"

அவர் ஏறிய வேகத்துக்கு அவள் இறங்குவதற்குள் மோதிக்கொள்ளப் பார்த்தார்கள். நூல் இறங்கியது, காந்தம் தட்டென்று ஒட்டியது. கையில் ஊசியோடு அவர் திரும்பியபோது பொறியாளர் பெண் கைதட்டினாள். டீ குடித்துக்கொண்டிருந்த பழைய ஆட்கள் ஓடி வந்தார்கள். "அட, டோக்கன் கணக்கு தப்பாதுய்யா!" என்று யாரோ முதுகில் தட்டினார். அவருடைய கண் நிறைந்துவிட்டது. பல் செட்டை மாட்டிக்கொள்ளக்கூடத் தோன்றாமல் சிரித்தார். கல்யாணத்தன்றுகூட அவர் அப்படிச் சிரித்து அவள் பார்த்ததில்லை. ஒரு பொய் இவ்வளவு நல்லது செய்யுமென்றால் எப்போதோ சொல்லியிருக்கலாமே என்று நினைத்தாள்.

பொறியாளர் பெண் விமானத்தின் பதிவேட்டைக் கொண்டுவந்தாள். "பழைய பதிவுக்குக் கீழ கிடைச்சதுன்னு நீங்களே எழுதிடுங்க சார்" என்று பேனாவை நீட்டினாள். அவர் வாங்கி மூடியைத் திறந்தார். பிறகு, எழுதுவதற்கு முன்னால், முப்பது வருஷப் பழக்கம் எங்கே போகும், ஏறி இறங்கியவளைப் பார்த்துச் சொன்னார்.

"திரும்பு."

அவளுக்குச் சுரீரென்றது. யாரிடம் என்ன விளையாட்டு விளையாடிவிட்டோம் என்று அப்போதுதான் உறைத்தது. மெதுவாகத் திரும்பி நின்றாள். அவருடைய விரல் ஒவ்வோர் ஊசியாகத் தொட்டுக்கொண்டு போனது. நின்றது. முதலிலிருந்து மறுபடியும் தொட்டுக்கொண்டு போனது. கணக்குத் தப்பியதென்று சத்தம் போடுவார் என்று காத்திருந்தாள். அவர் அவள் காதருகில், இருவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"பதிமூணு."

அவள் திரும்பாமலே சொன்னாள். "அது விமானத்துல விழவே இல்லைங்க. முதுகுக்குள்ள விழுந்திருந்துச்சு. அன்னைக்கு ராத்திரியே கிடைச்சுது."

"அன்னைக்கு ராத்திரியேவா?"

"ஆமா."

"மூணாம் நாள் காலையில நான் வீட்டுக்கு வந்தனே, அப்ப?"

"பொத்தான் டப்பாவுல இருந்துச்சு."

அவர் பேனா மூடியைப் போட்டார். பதிவேட்டைப் பொறியாளர் பக்கம் நகர்த்தினார். "இது இப்ப விழுந்தது, பழசு இல்லம்மா. அந்தப் பழைய ஊசி விமானத்துக்குள்ள போகவே இல்ல. அப்படியே எழுதிடுங்க."

"உங்களுக்கு எப்படித் தெரியும் சார்?"

"வீட்டுல இருக்கு."

"எப்பக் கிடைச்சுது?"

சுற்றி நின்றவர்கள் எல்லோரும் அவர் வாயையே பார்த்தார்கள். "இப்பத்தான் எனக்குத் தெரிஞ்சுது" என்றார். பிறகு கையிலிருந்த ஊசியை அவளிடம் நீட்டி, "செருகு" என்றார். அவள் செருகியதும் எண்ணிப் பார்த்துவிட்டு, நோட்டில் பதினாலு என்று எழுதினார். எழுத்து கோணிக்கொண்டு போனது.

வீடு வரும்வரை ஒரு பேச்சில்லை. திட்டினால்கூடத் தேவலை. முகத்தைப் பார்த்தால்தானே திட்டுவதற்கு? மகள் போன் செய்தபோது, "நல்லாப் பாத்தோம்" என்று மட்டும் சொல்லி அவள் கையில் போனைக் கொடுத்துவிட்டார். மாலையில் அவள் சீக்கிரமே சமைத்துத் தட்டு வைத்தாள். பொத்தான் டப்பாவிலிருந்து அந்த ஊசியை எடுத்துத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். அவர் அதைத் தொடவில்லை. தண்ணீர் டம்ளரை எடுத்து அதற்கு அந்தப் பக்கமாக நகர்த்தி வைத்துவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தார்.

அவள் தனக்குப் பரிமாறிக்கொண்டு உட்கார்ந்தபோது தளத்தில் சத்தம் எழுந்தது. ஜன்னல் கண்ணாடி அதிர, வீட்டுக்கு மேலாக ஒரு விமானம் கிளம்பிப் போனது. அவர் எழுந்திருக்கவில்லை. தலைகூட நிமிரவில்லை. இருபத்தாறு வருஷத்தில் முதல்முறையாக, சத்தம் தேய்ந்து மறையும்வரை அவர் பாட்டுக்குச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அவளுக்கு ஒரு வாய் இறங்கவில்லை. தட்டை மூடிவைத்துவிட்டு மாடிக்குப் போனாள். கைப்பிடிச் சுவர் ஓரத்தில், அவர் செருப்பு தேய்த்துத் தேய்த்துச் சிமெண்ட் வழவழப்பாகிப்போன இடத்தில் நின்றாள். வானத்தில் ஒன்றும் தெரியவில்லை. கால் மணி ஆயிற்று, அரை மணி ஆயிற்று. முழங்கால் கெஞ்சியது. உள்ளே யார் உட்கார்ந்திருக்கிறானோ, வயது என்ன இருக்குமோ என்று நினைத்தாள். இவ்வளவு நேரமா ஆகும் ஒரு விமானம் திரும்பி வர?

படியில் காலடிச் சத்தம் கேட்டது. பாதிப் படியிலேயே நின்றுகொண்டு அவர் எரிந்து விழுந்தார். கொட்டகையை விட்டுக் கிளம்பிய பிறகு அவளிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"அது புது விமானம். அதுல உன் ஊசி இல்ல. வந்து சாப்பிடு, ஆறுது."

"அது இறங்கட்டும். வர்றேன்" என்றாள் அவள்.